கூரை ஓரிடம், பாலம் ஓரிடம்: குமரியில் ஒரு நாள் பயணம்

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் ஒரு நாள் முழுக்கக் காரில் சுற்றியதாகவும், கூரை போட்ட பழைய மரப்பாலங்களையும் அவற்றைச் சுற்றியிருந்த வயல்களையும் மறக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைப் போல ஒரு நாளை அமைத்துக்கொள்ள முடியுமா என்பது உங்கள் கேள்வி. நாகர்கோவிலிலிருந்து காரில் புறப்படுகிறீர்கள். உடன் வரும் அண்ணனுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, முழங்கால் வலியும் இருக்கிறது. ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போகலாம் என்று நினைக்கிறீர்கள்.

முடியும். ஆனால் திங்கட்கிழமையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் நாளின் முதல் இடமான பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்தான் விடுமுறை.

குமரியில் மூடுபாலம் கிடையாது. அந்தப் பாலங்களுக்குக் கூரை ஏன் வந்தது என்று பார்த்தால், இங்கே எதைத் தேடிப் போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும். நடப்பவர்கள் நனையாமல் இருக்க அந்தக் கூரை போடப்படவில்லை. மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில் மழைநீர் தங்கினால் உளுத்துப்போகும். திறந்து கிடக்கும் மரப்பாலம் பத்து இருபது ஆண்டுகளில் ஆட்டம் காணும். கூரையும் பக்கப் பலகையும் போட்டுவிட்டால் அதே பாலம் நூறு ஆண்டைத் தாண்டி நிற்கும். பலகை கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் சட்டம் பிழைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் சறுக்குவண்டி போவதற்காக, கூரைக்குக் கீழே தரையில் பனியை அள்ளிக் கொண்டுவந்து பரப்பும் வேலைகூட அங்கே நடந்திருக்கிறது. ஆக, மூடுபாலம் என்பது மழையிலிருந்து மரத்தைக் காப்பாற்றும் ஓர் ஏற்பாடு.

நம்முடைய மாவட்டத்தில் மழைக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மண் இது. இங்கே மரத்தைக் காப்பாற்றும் கூரையை அரண்மனையில் வைத்தார்கள். பாலத்தையோ வேறொரு காரியத்துக்காக, தண்ணீர் நடந்து போவதற்காகக் கட்டினார்கள். ஒன்று பத்மநாபபுரம், மற்றொன்று மாத்தூர் தொட்டிப்பாலம். இந்த இரண்டுக்கும் நடுவே மலையிலிருந்து இறங்கி வரும் நீரைப் பின்தொடர்ந்து போவதுதான் நான் சொல்லும் பயணம். பத்து இடங்களின் பெயரை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் இறங்கி ஏறும் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அணையில் தேங்கிய நீர் கால்வாய்க்கு வந்து, கால்வாய் பாலமேறிக் கடந்து, கடைசியில் யாருடைய வயலுக்கோ வாழைத்தோப்புக்கோ போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்த மாவட்டம் பிடிபட்டுவிடும்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். தக்கலையிலிருந்து சற்று உள்ளே போனால் பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் வந்துவிடும். அரண்மனை ஒன்பது மணிக்குத் திறக்கும். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்தபோது ஏற்பட்ட ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. திறந்தவுடன் உள்ளே போய்விடுவது நல்லது. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் குறுகிய நடைகளில் நின்று பார்க்க முடியாது.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வழிகாட்டி காட்டும் கட்டிலையும் நாற்காலியையும் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டு கவியும் தாழ்வாரம், மழைச்சாரல் உள்ளே வராமலும் காற்றும் வெளிச்சமும் தடைபடாமலும் இருக்கச் சாய்த்து வைத்த மரச்சட்ட அழிகள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகும் நடைகளுக்கும் கூரை இருக்கிறது. மழை கொட்டும் ஆடி மாதத்தில் அந்த நடையில் நின்று பார்த்தால், லங்காஸ்டர் தச்சனும் வேணாடு என்ற பழைய பெயர் கொண்ட இந்த நாட்டுத் தச்சனும் ஒரே சிக்கலை எதிர்கொண்டு ஒரே முடிவுக்கு வந்தது புரியும். மரம் நனையக் கூடாது, நனைந்தாலும் உடனே உலர வேண்டும். அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள மரவேலைப்பாடும் பலாமரத்தில் கடைந்தெடுத்த தூணும் இன்றைக்கும் உறுதியாக நிற்பதற்கு அந்தக் கூரைதான் காரணம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம் இது. கண்ணாடி போலப் பளபளக்கும் கறுத்த தரை, சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள். செருப்பை வெளியே விட வேண்டும், தரை வழுக்கும், மாடிப்படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், வாசல்களில் தலை குனிய வேண்டும். உங்கள் அண்ணன் மேல்மாடிகளை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தையும் பூமுகம் என்ற முகப்பையும் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும்.

பத்மநாபபுரத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கால்வாய் உண்டு, பத்மநாபபுரம் புத்தனாறு. பெருஞ்சாணி அணைக்குக் கீழே பரளியாற்றின் குறுக்கே கட்டப்பட்டிருக்கும் புத்தன் அணையிலிருந்து அது கிளம்புகிறது. அதே ஆற்று நீரைப் பாண்டியன் கால் என்ற கால்வாய் பழையாற்றுப் பக்கம் திருப்பி நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கொண்டுசெல்கிறது. ஒரு பள்ளத்தாக்கின் ஆற்றை வெட்டி இன்னொரு பள்ளத்தாக்குக்குக் கொடுக்கும் இந்த வழக்கம் இங்கே மிகப் பழையது. தொட்டிப்பாலம் திடீரென்று ஒருவர் மனத்தில் உதித்த யோசனை அல்ல. அந்த நீண்ட வரிசையில் பின்னால் வந்த ஒரு கண்ணி அது.

தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் சாலையில் காரை மெதுவாக ஓட்டுங்கள். நீங்கள் கேட்ட நாட்டுப்புறக் காட்சி இந்தச் சாலையிலேயே தொடங்கிவிடுகிறது. தென்னை, வாழை, மரச்சீனி என்ற மரவள்ளி, நடுநடுவே குளங்கள், பிறகு ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து ரப்பர். குலசேகரம் ரப்பருக்குப் பேர்போன ஊர். விடியும் முன்பே பால் வெட்டி முடித்துவிடுவார்கள். நீங்கள் போகும் நேரத்தில் சிரட்டைகளில் பால் சேகரித்து முடிந்திருக்கும். வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட்டுகள் துணி போலக் காய்ந்துகொண்டிருக்கும். ஜூலையில் போனால் இன்னொன்றும் கண்ணில் படும். ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்காயத்துக்கு மேலே பாவாடை போல ஒரு பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டியிருப்பார்கள். மழைநீர் வழிந்து பாலோடு கலந்துவிடாமல், பட்டையும் அழுகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அது இல்லாவிட்டால் மழைநாளில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. மூடுபாலத்துக்குக் கூரை போட்டவர்கள் இதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

பேச்சிப்பாறைக்குப் பதினொன்றரை மணி வாக்கில் போய்ச் சேரலாம். கோதையாற்றின் குறுக்கே 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட அணை இது. மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற ஐரோப்பியர். அவருடைய கல்லறையும் அணைப் பகுதியிலேயே இருக்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை, முன்னால் நீர்ப்பரப்பு, காற்றில் நனைந்த காட்டின் மணம். ஆனால் நான் உங்களை இங்கே அனுப்புவது காட்சிக்காக மட்டுமல்ல. இந்த மாவட்டத்தின் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரண்டு நெல் போகங்களும் இந்த அணையையும், பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு அணைகளையும் நம்பித்தான் இருக்கின்றன. வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் பாசனத்துக்குத் திறப்பார்கள், பிப்ரவரி முடிவில் அடைப்பார்கள். உங்கள் பயணத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. மார்ச் முதல் மே வரை போனால் மாத்தூரில் வெறும் காய்ந்த தொட்டியைத்தான் பார்ப்பீர்கள். கால்வாயில் நீர் ஓடும் மாதத்தில் போக வேண்டும். அந்த வகையில் ஜூலையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

பேச்சிப்பாறைக்கு மேலே மோதிரமலை, குற்றியாறு, கோதையாறு என்று சாலை போகிறது. காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் ரப்பர் கழகத் தோட்டங்களும் உள்ள அழகான பகுதி. பருவமழை நாளில் அங்கே போக வேண்டாம். குற்றியாற்றுத் தரைப்பாலம் கனமழையில் மூழ்கும், போனவர்கள் அந்தக் கரையிலேயே மாட்டிக்கொள்வார்கள். அங்கே வாழும் குழந்தைகள் பள்ளிக்குப் போக முடியாமல் நிற்பதும், நோயாளிகள் காத்துக் கிடப்பதும் ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. பாலங்களின் அழகைப் பேசும்போது, ஒரு நல்ல பாலத்துக்காக இன்னும் காத்திருக்கும் மனிதர்கள் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அடுத்து திற்பரப்பு. கோதையாறு ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து அகன்ற பாறை மேல் பரந்து விழுகிறது. குளிக்கலாம், அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு விடுகிறார்கள், பக்கத்தில் மகாதேவர் கோயில் இருக்கிறது. கூட்டம் அதிகம். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்தால் இங்கே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அந்தத் தடையைத் தாண்டிப் போய் ஓரத்தில் நின்று கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நீர் ஏறுவது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அண்ணனுக்குப் படிக்கட்டில் இறங்கிக் குளிப்பது சிரமமென்றால் தடுப்பணைப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். அங்கே அமைதியும் கிடைக்கும்.

சாப்பாட்டைக் குலசேகரத்திலோ திற்பரப்பிலோ முடித்துக்கொள்ளுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும் கடையாகப் பாருங்கள். சாலையோரப் பழக்கடைகளில் மட்டி வாழைப்பழக் குலை தொங்கினால் நிறுத்தி வாங்குங்கள். சிறியதாக, நுனி நீண்டு, தோல் மெல்லியதாக இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. இந்த மண்ணில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழமும் அதுதான். சிவந்த செந்துளுவன் வாழையும் ஏத்தன் வாழையும் அங்கேயே கிடைக்கும்.

மாத்தூருக்கு நான்கு மணிக்கு முன்னால் போகாதீர்கள். பாலத்தின் மேல் நிழல் என்பதே கிடையாது. வெயில் நாளாக இருந்தால் கான்கிரீட் சூடு காலில் ஏறும். மாலை நேரத்தில் மலைப்பக்கக் காற்று வீசும், மேற்கு வெளிச்சம் தென்னந்தோப்பின் மேல் விழும்.

இப்போது பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பட்டணங்கால் என்ற பாசனக் கால்வாய் மலையடிவாரத்திலிருந்து உயரம் குறையாமல், மேட்டின் ஓரமாகவே வளைந்து வளைந்து வருகிறது. மாத்தூர் அருகே எதிரில் பள்ளத்தாக்கு குறுக்கிடுகிறது. அடியில் பரளியாறு ஓடுகிறது. கால்வாய் நீரைப் பள்ளத்தில் இறங்கவிட்டால் மறுபக்க மேட்டுக்கு அதை மறுபடி ஏற்ற முடியாது. உயரத்தை இழந்தால் அதற்கப்பால் இருக்கும் மேட்டு நிலம் அத்தனைக்கும் பாசனம் போய்விடும். அதனால் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு, அந்த உயரத்திலேயே, ஒரு நீண்ட தொட்டியைத் தூண்களின் மேல் தூக்கி வைத்தார்கள். 1240 அடி நீளம், தரையிலிருந்து 115 அடி உயரம், 28 தூண்கள். தொட்டி ஏழரை அடி அகலம், ஏழு அடி ஆழம். மோட்டார் இல்லை, பம்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு சரிவு, புவியீர்ப்பு, அவ்வளவுதான். 1966இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தப் பாலம் காமராசர் முன்னெடுத்த திட்டம். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வறண்ட மேட்டு நிலங்களுக்கு நீர் கொடுக்க எழுந்தது.

உங்களுக்கு ஓர் ஒப்பீடு பிடிக்கலாம். உலகிலேயே நீளமான மூடுபாலம் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் ஹார்ட்லண்ட் என்ற ஊரில் இருக்கிறது. 1901இல் திறக்கப்பட்டது, கூரை 1922இல்தான் போடப்பட்டது. அதன் நீளம் 1282 அடி. நம்முடைய தொட்டிப்பாலம் அதைவிட 42 அடிதான் குறைவு. அங்கே பாலம் வண்டிகளை ஆற்றுக்கு மேலே கடத்திவிடுகிறது, இங்கே ஒரு கால்வாயையே கடத்துகிறது.

தொட்டியின் மேல்பக்கம் ஓரளவு கான்கிரீட் பலகை போட்டு மூடப்பட்டிருக்கிறது. அதன் வழியே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடக்கலாம். திறந்திருக்கும் இடைவெளியில் எட்டிப் பார்த்தால் நீர் ஓசையில்லாமல் உங்களோடு கூடவே நகர்ந்து வரும். கீழே குனிந்தால் தென்னை மரங்களின் தலைகள், அதற்கும் கீழே பரளியாறு. ஓர் ஆற்று நீர் இன்னோர் ஆற்றின் தலைக்கு மேலே கடந்து போவதை இப்படிக் காலடியில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வமானது. அவசரப்பட்டுப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். பாதி தூரத்தில் நின்று, நீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். காலையில் பேச்சிப்பாறையில் பார்த்த மலையும் அங்கிருந்து தெரியும்.

கார் நிறுத்தும் இடம் பாலத்தின் மேல்மட்டத்திலேயே இருப்பதால் அண்ணன் ஏறி இறங்க வேண்டியதில்லை, சமதளமாக நடக்கலாம். ஆற்றங்கரைக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டு மட்டும் அவருக்கு வேண்டாம். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் கட்டாயம் இறங்க வேண்டும். தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்த உயரத்தின் பொருள் விளங்கும். ஒரு வேண்டுகோள்: தின்பண்ட உறையோ தண்ணீர் பாட்டிலோ தொட்டியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது மிதந்து போய் ஒரு விவசாயியின் மடைவாயில்தான் அடைக்கும். சுற்றுலாப் பொருளாக மாறிவிட்டாலும் இது இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பாசனக் கால்வாய்.

ஐந்தரை மணிக்குள் கிளம்பினால் அருகிலேயே திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் மாலை ஐந்து மணிக்கு நடை திறந்திருக்கும். ஆறு ஊரைச் சுற்றி வளைத்து ஓடுவதால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். நம்மாழ்வார் பாடிய தலம். பெருமாள் 22 அடி நீளத்தில் சயனித்திருக்கிறார். திருவனந்தபுரத்தைப் போலவே மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழு உருவத்தையும் தரிசிக்க முடியும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. கல்தூண் வரிசை நிற்கும் பிராகாரத்தையும் ஒற்றைக்கல் மண்டபத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் படி ஏற வேண்டியிருக்கும், அண்ணனுக்குக் கைகொடுங்கள். கோதையாறும் பரளியாறும் சேரும் மூவாற்றுமுகம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. சேர்ந்த ஆறு குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயரில் தேங்காப்பட்டணம் போய்க் கடலில் கலக்கிறது. காலையிலிருந்து நீங்கள் தனித்தனியாகப் பார்த்த இரண்டு ஆறுகளும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

சிதறால் மலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சமணர் படுக்கையும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் ஒரு முழுக் காலைப்பொழுதுக்கு உரியவை. ஏற்றமும் உண்டு. இந்த நாளில் அதைத் திணிக்காதீர்கள். கன்னியாகுமரி கடலில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தையும் இதோடு சேர்க்க வேண்டாம். படகுக்கு வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். அது வேறு திசை, வேறு மனநிலை.

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் குழித்துறையில் வாவுபலி பொருட்காட்சி நடக்கும். மரக்கன்றுகளுக்குப் பேர்போன சந்தை அது. உங்கள் தேதி அதோடு பொருந்தினால் திரும்பும்போது மார்த்தாண்டம் வழியாக வந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஆனால் அந்தச் சாலையில் நெரிசல் கடுமையாக இருக்கும். பொருந்தாவிட்டால் திருவட்டாற்றிலிருந்து நேராகத் தக்கலை வழியாகவே நாகர்கோவில் திரும்பிவிடுங்கள். மார்த்தாண்டம் போகிறவர்கள் தேன் வாங்கலாம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிவைத்த தேனீ வளர்ப்பு அங்கே இன்றும் குடிசைத் தொழிலாக நிலைத்திருக்கிறது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் காலத்தில் அந்தத் தளிர்க் காம்புகளில் சுரக்கும் இனிப்புநீர்தான் தேனீக்களுக்குப் பெரிய இரை.

கார் இல்லாமல் போக நினைக்கும் உங்கள் நண்பருக்கும் வழி இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலை, குலசேகரம், திருவட்டாறு பக்கம் அடிக்கடி பஸ் உண்டு. குலசேகரத்தில் மாறினால் பேச்சிப்பாறைக்கும் திற்பரப்புக்கும் போகலாம். மாத்தூருக்கு மட்டும் பஸ் குறைவு. திருவட்டாற்றில் ஆட்டோ பிடித்து, திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்வதே நல்லது. ரயிலில் வருகிறவராக இருந்தால் அரண்மனைக்கு இரணியலிலும், மாத்தூரை மட்டும் பார்க்க வருவதென்றால் குழித்துறையிலும் இறங்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஐந்து இடங்களையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. அவர் அரண்மனையையும் தொட்டிப்பாலத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.